ஏற்கெனவே கொடுத்த வண்டிக்கூலி

"ஊமத்தம்பட்டியில சேவல் கெடைக்கும்மா," என்றார் கூட வந்த ஆபீஸ் டவாலி சோணை. "மத்த ஊர்ல எல்லாம் முட்டை விட்டு ஓஞ்ச கிழட்டுக் கோழிதான். ஊமத்தம்பட்டியிலதான் எளஞ்சேவலா அடிப்பாக."

"நான் கோழி தின்னமாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா சோணை?"

"தெரியாம என்னம்மா? அதைத்தான் நானும் சொல்ல வாரேன். உங்க பங்கு வீணாப் போயிரக் கூடாதில்ல?"

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சூடாமணி தகரப்பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய ஆபீஸ் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. காகிதம், மைக்கூடு, முத்திரை, அரிக்கேன் விளக்கு, அதற்கு ஒரு புட்டி எண்ணெய். எல்லாம் சர்க்கார் செலவு. பேரையூரில் பஸ்ஸை விட்டு இறங்கி அமர்த்திய இந்த ஒற்றைமாட்டு வண்டியும் சர்க்கார் செலவுதான்.

பெண் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் உதவி இன்ஸ்பெக்ட்ரஸ் உத்தியோகம் அவளுக்கு. மதுரையில் தறிச்சத்தம் ஓயாத பட்டுநூல்காரர் தெருவில் பிறந்தவள். "பொம்பளை ஒருத்தி கள்ளிக்காட்டுக்குள்ள வண்டி கட்டிக்கிட்டுப் போறதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று அவளுடைய அண்ணன் ஜனகராஜ் அன்று காலையிலும் கேட்டிருந்தான். "சர்க்காரே வண்டி கட்டிக் குடுக்கிறப்ப நான் போகாம இருந்தாத்தான் தப்பு," என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வழியெல்லாம் கரிசல். இரண்டு பக்கமும் பருத்தி, இன்னும் பச்சைக் காயாக நின்றது.

மற்ற அதிகாரிகள் சொல்லாமல் போய் இறங்குவார்கள். வாத்தியாரை வேட்டி கட்டவிடாமல் பிடிப்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். சூடாமணிக்கு அது பிடிக்காது. பத்து நாள் முன்பே, இன்ன தேதிக்கு வருகிறேன் என்று டீச்சருக்கு எழுதிவிடுவாள். ஊமத்தம்பட்டிக்கும் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

பள்ளிக்கூடம் ஒரு கூரைக் கொட்டகை. தரை புதிதாகச் சாணம் மெழுகியிருந்தது. வாசலில் கோலம். உள்ளே நாலே நாலு பிள்ளைகள்.

"நமஸ்காரம்மா," என்றாள் டீச்சர். முத்துத்தாய் என்று பெயர். அந்த ஊர்க்காரிதான். புருஷன் காலராவில் போன பிறகு மதுரைக்கு வந்து பயிற்சி முடித்து, சொந்த ஊரிலேயே வேலை வாங்கிக்கொண்டவள்.

"மத்தப் பிள்ளைக எங்க?"

"பருத்தி எடுக்கப் போயிருக்குகம்மா."

"பருத்தி இன்னும் வெடிக்கவே இல்லையே. இப்பத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன்."

"அம்மை போட்டிருக்கு… அங்கங்க கொஞ்சம்…"

"வேப்பிலை ஒரு வீட்டு வாசல்லயும் காணோமே."

நாலு பிள்ளைகளும் டீச்சர் முகத்தையே பார்த்தன.

"முத்துத்தாய், போன தடவையே ஜில்லா போர்டுல என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியும். இருபது பிள்ளைக்குக் குறைஞ்சா பள்ளிக்கூடத்தை எடுத்துருவாங்க. நான் கண்ணால பார்க்கிறதைத்தான் எழுத முடியும். நாலைப் பார்த்துட்டு முப்பதுன்னு எழுத எனக்குக் கை வராது."

"தெரியும்மா. எழுதிக்கங்க. போன வாரம் வரைக்கும் முப்பத்தொரு பேரும் வந்துச்சுக. அதை மட்டும் நம்புங்க. எனக்கு வேலை போனா கூலிக்காச்சும் களையெடுத்துப் பொழைச்சுக்குவேன். இதுகளுக்குத்தான் திரும்பப் பள்ளிக்கூடம் வராது."

அப்போது வாசலில் ஒரு சேவல் கத்தியது. சோணை முகம் மலர்ந்து எழுந்தார். சேவலைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு ஒருத்தி உள்ளே வந்தாள். வந்தவள் மாயக்காள். நாலு பிள்ளைகளில் ஒன்று அவளுடையது.

"நீங்கதான் இன்சுபெட்டரம்மாவா? இந்தாங்க, பிடிங்க. கழுத்தைத் திருகுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேக்கணும்."

"கேளுங்க."

"உங்களுக்கு வேற ஊரே கெடைக்கலையா?"

"மதினி! வாயை மூடு," என்று பதறினாள் முத்துத்தாய்.

"நீ சும்மா இரு. எம்புட்டு நாளைக்கு மூடுறது? நாலு வீட்டுக்கு ஒரு சேவலுன்னா ஆளுக்கு ஒரு காலா போட முடியும்? அதுக்கு ரெண்டு காலுதான இருக்கு!"

"எனக்கு ஒண்ணும் புரியலை," என்றாள் சூடாமணி. "உட்கார்ந்து சொல்லுங்க. நாலு வீடுங்கிறது என்ன?"

மாயக்காள் உட்காரவில்லை. சேவலோடு நின்றபடியே சொன்னாள்.

"எங்க ஊரு முறை அது. மாட்டு டாக்டரு வந்தா மாடு வச்சிருக்கவுக செலவு. கிணத்துக்குக் கடன் குடுக்க ஆபீசரு வந்தா கிணத்துக்காரவுக செலவு. யாருக்காக வந்தாரோ அவுகதான் வண்டிக்கும் சோத்துக்கும் பாக்கணும். ஆம்பளைப் பயலுக பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வந்தா, ஊரு பாதி அனுப்புது, வீட்டுக்குப் படி அரிசியோட போச்சு. பொட்டைப்பிள்ளையை அனுப்புறது எம்புட்டு வீடு? கோழி, நெய்யி, வண்டிக்கூலி, போறப்ப ஒரு சீப்புப் பழம். தாங்குமா?"

"அதனால?"

"அதனால என்ன? நீங்க வாரீகன்னு கடுதாசி போட்டீகல்ல? அன்னைக்குச் சாயங்காலமே ஒவ்வொரு வீடாப் போயி, 'எம்மக படிக்கலை'ன்னு நாட்டாமைகிட்டச் சொல்லிட்டாக. படிக்கலைன்னா வரி இல்ல பாருங்க. நாங்க நாலு வீடுதான் சொல்லலை. எம்மக படிக்குது, அதை எந்த வாயால படிக்கலைன்னு சொல்ல?"

சூடாமணி முத்துத்தாயைப் பார்த்தாள். "இதை ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

"ஊரை எப்பிடிம்மா விட்டுக்குடுக்க?"

டீச்சர் பதறக் கூடாது என்று முன்கூட்டி எழுதிய கடிதம்தான் பள்ளிக்கூடத்தைக் காலி செய்திருந்தது. சூடாமணி மாயக்காளிடம் திரும்பினாள்:

"மாயக்கா, சேவலை விட்டுருங்க. எனக்கு வேண்டாம்."

சோணை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாயக்காளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. "ஏன்? சேவலு சின்னதா இருக்கா?"

"இல்லை."

"அப்ப ஆட்டுக்குட்டி கேக்குதோ?"

"அம்மா," என்று முத்துத்தாய் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள். "வேண்டாம்னு மட்டும் சொல்லாதீக. பக்கத்து ஊருல ஒரு அதிகாரி மோரைக்கூடத் தொடாமப் போனாரு. அடுத்த மாசமே பள்ளிக்கூடம் மூடிருச்சு. நீங்க கை நனைக்கலைன்னா கையெழுத்து விழாதுன்னுதான் ஊருல நெனைப்பாக."

"எனக்குப் பசிக்குதுதான். காலையில சாப்பிட்டது. சரி, விலைக்குக் குடுங்க, சாப்பிடுறேன்."

"எதை?"

"சோறு."

மாயக்காள் சேவலை நழுவவிட்டாள். அது நாலு பிள்ளைகளுக்கும் நடுவே ஓடியது. "சோத்துக்குக் காசு வாங்கவா? நல்லாருக்கே! ஊமத்தம்பட்டியில சோறு வித்தாகன்னு தெரிஞ்சா எம்மகளை எவன் கட்டுவான்?"

"அரிசி விப்பீங்களா?"

"அரிசி விப்போம். அரிசி வேற, சோறு வேற."

"அப்ப அரிசி குடுங்க. பருப்பு, உப்பு, ரெண்டு கத்திரிக்காய், ஒரு கட்டு விறகு. புதுப் பானை ஒண்ணு. எல்லாத்துக்கும் என்ன விலையோ சொல்லுங்க. நானே பொங்கிக்கிறேன்."

"பழைய பானை ஆகாதோ?"

"உங்க பானையில கோழி வாசம் அடிக்குமே மாயக்கா."

மாயக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா, நல்லாவே அடிக்கும்," என்றாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் மூன்று கல் கூட்டி அடுப்பு. விறகென்று வந்தது பருத்திமார், போன வருஷத்துக் காய்ந்த பருத்திச் செடி. மதுரையில் சூடாமணி வீட்டில் எரிவது புளிய விறகு. ஒரு துண்டு வைத்தால் ஒரு குழம்புக்குத் தாங்கும். அந்தக் கணக்கில் அவள் அரைக் கட்டு மாரை ஒன்றாகத் திணித்துப் பற்றவைத்தாள். ஆள் உயரத்துக்குக் குப்பென்று எழும்பியது. முன்மயிர் பொசுங்கிற்று. அவள் பின்னால் நகர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் அடுப்பில் சாம்பல்தான் இருந்தது. பானைத் தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை.

வேலிக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. நாலைந்து பெண்கள். அவர்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள்.

"ஏத்தா, அது என்ன சொக்கப்பனையா கொளுத்துது?"

"பசிக்குதுன்னு சொல்லுச்சாம். இப்பிடி எரிச்சா தீவாளிக்குத்தான் சோறு."

"அதிகாரியம்மா, நாலு நாலு குச்சியா வைக்கணும்! கையை எடுக்கவே கூடாது!"

"இங்க வந்து காட்டுங்களேன்," என்றாள் சூடாமணி, இருமிக்கொண்டே.

"ஆத்தாடி, நாங்க வரமாட்டோம். வந்தா எங்க பேர்லயும் செலவு எழுதிருவாக!"

"யார் எழுதுவாங்க? நான் வந்த வண்டிக்குச் சர்க்கார் காசு குடுக்குது. நான் சாப்பிடுறதுக்கும் படி குடுக்குது. உங்க யார் வீட்டுக் காசும் எனக்கு வேண்டாம்."

"கேட்டியாடி, சர்க்கார் குடுக்குதாம்!" என்று ஒருத்தி இன்னொருத்தி தோளில் இடித்தாள். யாரும் நம்பவில்லை. ஆனால் போகவும் இல்லை. ஒரு குட்டிப்பெண் மட்டும் வேலிக்குக் கீழே நுழைந்து வந்து, அடுப்பு முன்னால் குந்தி, நாலு குச்சியை எடுத்து வைத்து ஊதினாள். இன்னொன்று நுழைந்தது. அதன் பின்னால் மூன்றாவது.

"ஏய், வெளிய வாங்கடி! நாட்டாமை வாராரு!"

கருத்தக்கண்ணன் தோள் துண்டை உதறிக்கொண்டு வந்தார். ஊர் நாட்டாமை அவர்தான். அடுப்பையும், அதன் முன்னால் சாம்பல் தலையோடு உட்கார்ந்திருந்த அதிகாரியையும் பார்த்தவுடன் அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"என்னம்மா இது? ஊருக்கு வந்த அதிகாரி தானே அடுப்பூதுனா எங்க மானம் என்னத்துக்கு ஆகும்? ஏ முத்துத்தாயி, நீ எதுக்கு இருக்க?"

"பெரியப்பா, அவுகதான்…"

"அவங்களைத் திட்டாதீங்க ஐயா," என்றாள் சூடாமணி. எழுந்து நின்று கும்பிட்டாள். "நான்தான் கேட்டு வாங்கினேன். அரிசிக்குக் காசு குடுத்தாச்சு."

"சேவலு பிடிக்கலைன்னா சொல்லுங்க. பாலு, பழம், நெய்யி, எது வேணும்? வண்டிக்கூலி நாங்க பாத்துக்கிறோம். மனசுல எதையும் வச்சுக்கிட்டு எழுதிராதீக."

"வண்டிக்கூலி சர்க்கார் குடுக்குது."

"எல்லா அதிகாரியும் சர்க்கார் அதிகாரிதான். எல்லாத்துக்கும் நாங்கதான் குடுத்தோம்."

"அவங்க சொல்லியிருக்க மாட்டாங்க. நான் சொல்றேன். என் வண்டிக்கு, சாப்பாட்டுக்கு, நான் எழுதுற காகிதத்துக்கு, விளக்குல ஊத்துற எண்ணெய்க்குக் கூடச் சர்க்கார்ல பணம் ஒதுக்கியிருக்கு."

கருத்தக்கண்ணன் துண்டை மறு தோளுக்கு மாற்றினார். அவருக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது.

"சர்க்காருக்கு ஏது பணம்?"

"நிலத்துக்கு நீங்க கட்டுற கிஸ்தி. அது கூடச் சேர்த்து வாங்குற வரி."

"அப்பிடி வாங்க! கிஸ்தி கட்டுறது நாங்க. அந்தக் காசுலதான் நீங்க வண்டி ஏறி வாரீக. அப்ப உங்களுக்குச் செலவழிக்கிறது நாங்கதான? நாங்க குடுத்தா மட்டும் ஏன் வேண்டாங்கிறீக?"

வேலியோரம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாட்டாமை மடக்கிவிட்டார் என்று தெரிந்தது.

"நீங்க சொல்றது சரிதான்," என்றாள் சூடாமணி. "நீங்கதான் குடுக்கிறீங்க. ஏற்கெனவே குடுத்தாச்சு. அதனாலதான் ரெண்டாவது தடவை வாங்கமாட்டேங்கிறேன்."

கருத்தக்கண்ணன் அடுப்புக்கு இன்னும் ஓரடி கிட்ட வந்தார்.

"ஒரு மாட்டுக்கு ரெண்டு தடவை விலை குடுப்பீங்களா ஐயா?"

"குடுக்கமாட்டேன்."

"இவ்வளவு நாளா குடுத்திருக்கீங்க."

அவர் மெல்லத் திரும்பினார். சுவரோரம் சோணை நின்றிருந்தார்.

"ஏப்பா டவாலி, இந்தம்மா சொல்றது நெசமா?"

சோணை தொண்டையைக் கனைத்தார். "நெசந்தானுங்கய்யா."

"உனக்கும் படி உண்டா?"

"உண்டுங்கய்யா. கொஞ்சம்."

"அப்ப போன தடவை பழைய அதிகாரியோட வந்து ஒத்தை ஆளா முழுக்கோழியைத் தின்னியே?"

"படி வாங்குறது வயித்துக்கு எங்கய்யா தெரியும்?"

சிரிப்பில் வேலி குலுங்கியது. கருத்தக்கண்ணன் சிரிக்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே எதையோ யோசித்தார். ஏமாந்த கோபமும், பணம் தங்களுடையது என்று தெரிந்த மிடுக்கும் அந்த முகத்தில் மாறி மாறி வந்தன. கடைசியில் மிடுக்குத்தான் நின்றது.

"ஏ, எல்லாரும் கேட்டுக்கங்க," என்று குரலை உயர்த்தினார். "பள்ளிக்கூடத்து அதிகாரி செலவு இனிமே யார் தலையிலயும் இல்ல. அது நாம கட்டுன காசு. எம்மக படிக்கலைன்னு எங்கிட்ட வந்து சொன்னவுக எல்லாம், இப்ப படிக்குதுன்னு வந்து சொல்லுங்க."

"சொல்லியாச்சுன்னு வச்சுக்கங்கண்ணே!" என்று வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"உங்க வீட்டுப் பிள்ளை, ஐயா?" என்று சூடாமணி கேட்டாள். "பெயர்ப் பட்டியல்ல சோலையம்மாள்னு இருக்கு. அவளையும் காணோம்."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அதுவும் வந்து… படிக்கலைன்னுதான்…"

"நீங்க யார்கிட்டப் போய்ச் சொன்னீங்க?"

"அவரே அவருகிட்டச் சொல்லிக்கிட்டாரு!" என்றாள் மாயக்காள். இந்தத் தடவை நாட்டாமையும் சிரித்துவிட்டார்.

முத்துத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, காலைக் கணக்கு நாலுன்னுதான ஆச்சு. இனிமே வந்து என்ன?"

"காலைக் கணக்கு நாலுதான். அதை மாத்தமாட்டேன். மதியத்துக்கு மறுபடி பேர் கூப்பிடணுமே. கூப்பிடுங்க. நான் இருக்கேன்."

"மதியம் இருந்தா பேரையூரு பஸ்ஸு போயிரும்மா," என்றார் சோணை.

"போகட்டும். ராத்திரி இங்க முத்துத்தாய் வீட்டுல படுத்துக்கிறேன்."

"ஒரு நாள் படிதான் குடுப்பாக."

"ரெண்டாம் நாளு என் காசுல சாப்பிட்டுக்கிறேன். உங்களுக்கும் சேர்த்து."

சோறு ஒரு பக்கம் அடிப்பிடித்தும் ஒரு பக்கம் விரைத்தும் இருந்தது. சூடாமணி அதை ருசித்துச் சாப்பிட்டாள். சோணை, கோழியை நினைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்க வேண்டும், மறுசோறு கேட்கவில்லை.

மதிய மணிக்கு முத்துத்தாய் இரும்புத் துண்டைத் தட்டினாள். ஒவ்வொரு சந்திலிருந்தும் பிள்ளைகள் வந்தன. சில ஓடி வந்தன. சிலவற்றை அம்மாக்கள் தலையைத் தடவி, முந்தானையால் மூக்கைத் துடைத்துக் கொண்டுவந்து விட்டார்கள். சோலையம்மாளைக் கருத்தக்கண்ணனே கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். விட்டுவிட்டுப் போகவில்லை. பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முத்துத்தாய் பேர் கூப்பிட ஆரம்பித்தாள். முதல் சில பேருக்குக் குரல் பிசிறியது. "உள்ளேன் டீச்சர்" என்று வரிசையாக வர வர, அது தெளிந்தது. பத்துப் பேர் தாண்டியபோது அவள் நிமிர்ந்து நின்றாள். கடைசிப் பேருக்குப் பதில் வந்தபோது கொட்டகையில் இடம் இல்லை. மாயக்காளின் மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

சூடாமணி கணக்குக் கேட்டாள், வாசிக்கச் சொன்னாள், மதுரையிலிருந்து வைகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டாள். முத்துத்தாய் நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். திக்கிய பிள்ளைகளும் பாதி தூரம் போய்த்தான் திக்கின. சோலையம்மாள் ஏழாம் வாய்ப்பாட்டில் நின்றுவிட்டாள்.

"விடாதீக, கேளுங்க," என்றார் பின்னாலிருந்து கருத்தக்கண்ணன். "கிஸ்தி கட்டியிருக்கேன்ல? நல்லாக் கேளுங்க."

வெயில் தாழ்ந்ததும் சூடாமணி தகரப்பெட்டியைத் திறந்து, காகிதத்தை எடுத்து எழுதினாள். முத்துத்தாய் சற்றுத் தள்ளி நின்றாள். கேட்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை.

"இங்க வாங்க. வாசிச்சுக் காட்டுறேன். காலையில நாலு பேர். மதியம் முப்பத்தொரு பேர். நல்லாப் படிக்கிறாங்க. பள்ளிக்கூடம் இந்த ஊரிலேயே நடக்கணும்."

முத்துத்தாய் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டாள்: "காலைக் கணக்கையும் எழுதணுமாம்மா?"

"எழுதணும். ஏன் நாலு பேர்னும் கீழ எழுதியிருக்கேன். அதிகாரி செலவை ஊர் தலையில கட்டினா முதல்ல காலியாகிறது பெண் பள்ளிக்கூடம்தான்னு எழுதியிருக்கேன். போர்டுல உள்ளவங்களும் வாசிக்கட்டும்."

மறுநாள் விடிந்ததும் வண்டி வந்து நின்றது. பழச்சீப்பு வரவில்லை, நெய் வரவில்லை. ஆனால் பாதி ஊர் வந்திருந்தது. கருத்தக்கண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். வண்டிக்காரனிடம், "மையிடலையா? எங்க காசுல ஓடுறதுக்குக் கிரீச்சு கிரீச்சுன்னு சத்தம் போடுது," என்றார்.

சூடாமணி ஏறி உட்கார்ந்தாள். "வாரேன் ஐயா."

"எப்ப வருவீக?"

"வருஷத்துக்கு ஒரு தடவை பார்வையிடணும்னு விதி. அடுத்த வருஷம் இதே மாசம்."

"அது என்ன கணக்கு? கிஸ்தி ஒரு தவணையா வாங்குறாக?" அவர் வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டார். "ஆறு மாசத்துக்கு ஒருக்க வரணும். வாத்தியாரம்மா சொல்லிக் குடுக்குதா, பிள்ளைக படிக்குதா, பாக்க வேண்டாமா? சர்க்கார்ல சொல்லுங்க. ஊமத்தம்பட்டிக்காரன் கேக்கச் சொன்னான்னு சொல்லுங்க."

"எழுதிக் கேட்கிறேன் ஐயா."

"கடுதாசி போட்டுட்டே வாங்க!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து மாயக்காள் கத்தினாள். "ஒரு பிள்ளை வீட்டுல இருக்காது!"

முத்துத்தாய்க்கு வழியனுப்பி நிற்க நேரமில்லை. மணியடிக்கப் போயிருந்தாள்.